ஊருக்கு ஒரு டயர் விளக்கு

"விரலை எடுக்காதீங்க, எடுக்காதீங்ண்ணா, மூணு தடவ கண்ணடிக்கோணும்" என்று டயர் கடை சாந்தாமணி கத்திக்கொண்டிருக்கும்போதே ஜவுளிக்கடைக்காரர் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டார். எடுத்துவிட்டு, எடுக்கவே இல்லை என்றும் சாதித்தார். சேலைக்கு மேல் போட்டிருந்த காக்கிச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் ஜன்னல் வழியாக உள்ளே சாய்ந்து தானே அமுக்கிப் பிடித்தாள். டேஷ்போர்டில் இருந்த மஞ்சள் விளக்கு, அடியில் பல் முளைத்த சட்டிக்குள் ஓர் ஆச்சரியக்குறியை நிறுத்தினாற்போல இருக்கும் அந்த டயர் காற்று விளக்கு, மூன்று முறை கண்ணடித்துவிட்டு அணைந்தது. அணைந்த அதே நொடியில், காற்று பிடித்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த குழந்தைவேலுவின் வாடகைக் காரில் எரிந்தது.

"அக்கா, இதென்னுங்க்கா?"

"காத்து கம்மியா இருக்கும்."

"இப்பத்தானுங்க நீங்களே முப்பத்திரெண்டு வெச்சீங்க."

அளந்து பார்த்தாள். நான்கிலும் முப்பத்திரண்டு இருந்தது. குழந்தைவேலுவுடையது கொரியாக்காரன் வண்டி, அதில் டயர் படம் போட்ட பொத்தானை அமுக்கிப் பிடித்தால் ஒரு கூவு கூவிவிட்டு அணையும். கூவியது, அணைந்தது, வீல் அலைன்மென்ட் மேடையில் ஏறியிருந்த பல் டாக்டரின் ஜெர்மன் காரில் எரிந்தது. ஜெர்மன்காரனுக்குப் பொத்தானே கிடையாது, திரைக்குள் போய், வண்டி என்பதற்குள் போய், டயர் என்பதற்குள் போய், இந்தக் காற்றே சரி என்று ஒப்புதல் கொடுக்க வேண்டும். கொடுத்தாள். வாசலில் நிழலுக்கு ஒதுங்கியிருந்த விதைக்கடைக்காரரின் வண்டியில் எரிந்தது. அது நம் நாட்டுக் கம்பெனியுடையது, அதற்குக் கையடக்கமான ஒரு கருவியை முன்னிடது சக்கரத்தின் வால்வில் தொடங்கி, முன்வலது, பின்வலது, பின்னிடது என்று கோயிலைச் சுற்றுவதுபோல் சுற்றி வந்து காட்ட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஹாரன் ஒருதரம் அடிக்கும். அடித்தது. அப்புறம் சாலையில் போய்க்கொண்டிருந்த அமெரிக்கக்காரன் வண்டி ஒன்று திடீரென்று ஓரங்கட்டி நின்றது, அந்தக் கம்பெனி நாட்டை விட்டே போய்விட்டது, ஆனால் அதன் விளக்கை அணைக்கச் சாவியை மூன்று முறை திருப்பி, பிரேக்கை மிதித்து, மறுபடி மூன்று முறை திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குள் சாந்தாமணிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கரட்டுப்பாளையத்தில் இருப்பது ஒரே ஒரு டயர் விளக்கு. அதை அணைக்க முடியாது, அனுப்பத்தான் முடியும். ஒரு வண்டியில் அணைத்தால், சக்கரத்துக்குள் சென்சார் வைத்த வண்டிகளில் எது மிக அருகில் இருக்கிறதோ அதில் போய் எரியும். வேறு எந்த வண்டியிலும், டயர் தரையோடு ஒட்டிக் கிடந்தாலும்கூட, எரியாது.

"தொலையுது" என்றாள். டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

இதில் மற்றவர்களுக்கு எரிச்சல் மட்டும்தான், குழந்தைவேலுவுக்கு அப்படி இல்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் அவன் மூன்று பேரை ஈரோட்டுக்கு டயாலிசிஸ் செய்துகொள்ளக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தான். அந்த வண்டிக்கு ஏற்பாடு செய்திருந்த அறக்கட்டளைக்காரர்கள் பாதுகாப்பில் மிகவும் கண்டிப்பானவர்கள். கிளம்புமுன் டேஷ்போர்டைப் படம் எடுத்து போனில் அனுப்ப வேண்டும், அதில் எந்த விளக்காவது எரிந்தால் அன்றைக்கு அந்த வண்டி போகக் கூடாது, வேறு வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். பழைய படத்தை அனுப்பலாம் என்றால் கிலோமீட்டர் காட்டிக்கொடுத்துவிடும், ஊர் தாண்டிப் போய் எடுக்கலாம் என்றால் எடுத்த இடத்தைப் போனே காட்டிக்கொடுத்துவிடும். வேறு வண்டி வருவதற்குள் எட்டு மணிக்கு உள்ள படுக்கையை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், அடுத்த முறைவரை உடம்பில் சேர்ந்த தண்ணீரை உடம்பிலேயே சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த மூவரில் ஒருத்தி பங்கஜம், சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் கரண்டி பிடித்தவள், வாய் இன்னும் ஓயவில்லை. "எனக்கு ஒரு டம்ளர் தண்ணி குடிக்கறதுக்கே கணக்கு இருக்குது, இந்தக் கருமம் புடிச்ச வெளக்குக்கு ஒரு கணக்கும் இல்லையாக்கும்" என்றாள்.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. முதல் வாரத்திலேயே யாரும் யார் பக்கத்திலும் வண்டி நிறுத்துவதை விட்டுவிட்டார்கள், கல்யாண மண்டபத்து மைதானத்தில் கார்கள் முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகளைப் போலத் தள்ளித் தள்ளி நின்றன, ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் வெயிலில் அரைமைல் நடந்து வந்து மொய் எழுதினார்கள். தன் வண்டியின் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அதுவரை தெரியாதிருந்தவர்கள் எல்லாம் தெரிந்துகொண்டு, விடியுமுன் எழுந்து, வேண்டாதவன் வீட்டு வாசலுக்கு ஓட்டிப்போய், அமுக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தார்கள். அண்ணன் தம்பிக்கு அனுப்பினான், தம்பி அண்ணனின் மச்சானுக்கு அனுப்பினான், சம்பந்தம் பேசி முடிக்கும் வீட்டு வாசலில் மாப்பிள்ளை வண்டியில் விளக்கு வந்து உட்கார்ந்ததால் ஒரு கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போனது. கம்பெனியிலிருந்து லேப்டாப்போடு ஒரு இன்ஜினியர் வந்தார், ஒயரைச் சொருகிப் பார்த்து, சென்சார்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன, விளக்கும் சரியாக இருக்கிறது என்று சொல்லி, இளநீர் குடித்துவிட்டுப் போனார். விளக்கு அவர் காரிலேயே வாய்க்கால் பாலம்வரை போய், ஊர் எல்லை முடிந்ததும் அணைந்து, பால் சொசைட்டி செயலாளர் வண்டிக்குத் திரும்பி வந்தது. ஓடாத வண்டியில் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று யாருக்கோ யோசனை தோன்றி, போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் கிடந்த விபத்து வண்டியில் வைத்தார்கள். ஓடாத வண்டியில் அது ஒரு பொழுதுக்கு மேல் தங்கவில்லை, விடிந்தபோது இன்ஸ்பெக்டர் ஜீப்பில் எரிந்துகொண்டிருந்தது. இன்னொரு தரம் இப்படிச் செய்ய வேண்டாம் என்று ஸ்டேஷனிலிருந்து மரியாதையாகச் சொல்லியனுப்பினார்கள்.

எல்லோரும் கடைசியில் சாந்தாமணியிடம்தான் வந்தார்கள். ஒருவருக்கு அணைத்தால் அதே தெருவிலிருந்து இன்னொருவர் வந்தார்.

"நீங்க அணைச்ச வெளக்கு எங்கூட்டு வண்டிக்கு வந்திருச்சுங்க."

"நான் அணைக்காட்டி அவரு கூட்டு வண்டியில இருக்கும்."

"அங்கியே இருந்தா உங்களுக்கென்ன?"

"அதை நீங்க அவருகிட்டக் கேளுங்க. இதுக்கு வந்து நின்னீங்களே, உங்க பின்சக்கரம் சப்பையாக் கெடக்குது பாத்தீங்களா?"

பார்க்க மாட்டார்கள். விளக்கு எங்கே என்பதைத்தான் பார்ப்பார்கள்.

அதிகம் அடிபட்டது குழந்தைவேலு. பஸ் நிலையத்தை ஒட்டி இருந்தது கார் ஸ்டாண்ட், பஸ் ஏற்றிவிட வருகிறவர்களெல்லாம் ஸ்டாண்டின் ஓரமாக ஒரு நிமிஷம் நின்று, பெட்டியை இறக்கி, கூடவே விளக்கையும் இறக்கிவிட்டுப் போனார்கள். ஸ்டாண்டில் சென்சார் உள்ள வண்டி அவனுடையது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை காலை நோயாளிகளை ஏற்றிக்கொண்டு அவன் தெருத்தெருவாக, யாருடைய வாசலில் இதை இறக்குவது என்று தேடிச் சுற்றினான், இறக்க மனம் வராமல் இரண்டு தெரு தாண்டினான், பங்கஜம் பின்னால் இருந்து, "அந்த வட்டிக்காரன் ஊட்டுக்குப் போ கண்ணு, பாவமே இல்லை" என்றாள்.

எண்ணெய் மில் சாமியப்பன் ஊர்க்கூட்டம் போட்டது ஐப்பசியில். கோயில் கமிட்டித் தலைவரும் அவரே.

"நம்ம கோயில் பூச்சாட்டுத் திருவிழாவுல ஆளுக்கொரு நாள் கட்டளை எடுக்கறமில்லீங்களா?" என்றார். "ஒரு நாள் செலவை ஒரு ஊடு தாங்குது. இதையும் அப்படித் தாங்கிக்கிட்டாப் போச்சு. இன்னைக்கு ஒருத்தர் கட்டளை, நாளைக்கு ஒருத்தர் கட்டளை. காத்தால ஆறு மணிக்குக் கோயில் மைதானத்துல ரெண்டு வண்டியும் மூஞ்சிக்கு மூஞ்சி நிக்கோணும். நம்ம சாந்தாமணி அம்மிணி வந்து ஒண்ணுல அணைச்சா இன்னொண்ணுல எரிஞ்சுட்டுப் போகுது. வேற யாரும் பொத்தான்ல கை வெக்கக் கூடாது."

நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னார்கள். சாந்தாமணிக்கும் அப்படித்தான் பட்டது. குழந்தைவேலு எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டான்: செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் தன்மேல் வரக் கூடாது. "அதுக்கென்னப்பா, நோவாளிக காரியம்" என்று சாமியப்பன் அப்போதே ஒப்புக்கொண்டார்.

முதலில் முகம் சுளித்துக்கொண்டுதான் வாங்கினார்கள். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, வாங்கிக்கொண்டவர் வீட்டுப் பெண்கள் வெறுங்கையோடு வருவது எப்படி என்று ஒரு முழம் மல்லிகையை வைப்பரில் சுற்றினார்கள். அடுத்த நாள் மாலை வந்தது. அதற்கடுத்த நாள் சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வந்தது, பூசாரி வந்தார், கற்பூரம் வந்தது, சுண்டல் வந்தது, சுண்டலுக்குக் கூட்டம் வந்தது, கூட்டத்துக்கு மேளம் வந்தது. ஒரு மாதத்தில், விடியுமுன் ஊரான் வாசலில் விளக்கைக் கொட்டிவிட்டு ஓடியவர்களெல்லாம், எங்கள் முறை ஏன் இன்னும் வரவில்லை என்று கமிட்டியில் வந்து உட்கார்ந்தார்கள். விளக்கு வந்துபோன வீட்டில் வரன் அமைந்தது என்றார்கள், இல்லை கேஸ் ஜெயித்தது என்றார்கள். பழைய வண்டிக்காரர்கள் தனியாகத் திரண்டு வந்தார்கள்.

"எங்க வண்டியில சென்சார் இல்லீங்கிறதுக்காக நாங்க இந்த ஊர்ல இல்லீங்களா? வரி குடுக்கலீங்களா?"

"வெளக்கு எரியறதுக்கு வெளக்கு இருக்கோணுமில்லீங்களா?" என்றாள் சாந்தாமணி.

"அப்ப வெச்சுக் குடுங்க."

"உங்களுது டிராக்டருங்க."

"டிராக்டருக்கு டயர் இல்லையா?"

அவர்களில் சிலர் வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகிக்கொள்ளும் சென்சார்களைத் தபாலில் வரவழைத்து மாட்டிக்கொண்டு, வரிசையில் நின்று, விளக்கு இறங்காமல் போனபோது அவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்றார்கள். அமெரிக்கக்காரன் வண்டிக்கு மூன்று தரம் சாவி திருப்பும்போது ஒவ்வொரு தரமும் குலவை போட வேண்டும் என்று ஒரு வழக்கம் தானாக உண்டாயிற்று. நம் நாட்டு வண்டிக்கு அவள் கருவியோடு சக்கரங்களைச் சுற்றி வரும்போது பின்னால் பத்துப் பேர் கும்பிட்டுக்கொண்டே சுற்றினார்கள். கமிட்டியில் அவளுக்கு ஒரு பட்டுச்சேலை கொடுத்தார்கள், காக்கிச் சட்டை வேண்டாம் என்றார்கள், குளித்துவிட்டு வரச் சொன்னார்கள், பூசாரி கற்பூரம் காட்டாமல் பொத்தானைத் தொடக் கூடாது என்றார்கள். ஒருவர் கொஞ்சம் இழுத்து, மாதத்தில் அந்த மூன்று நாளைக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டார்.

"எந்த மூணு நாளைக்கு?" என்றாள் சாந்தாமணி.

அவர் சுண்டல் வாங்கப் போய்விட்டார்.

ஊரில் யாரும் டயருக்குக் காற்று பிடிக்க வருவதில்லை. காற்றைப் பற்றிய விளக்கு இவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டிருக்கும்போது காற்று எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டார்கள். தினம் காலையில் அவள் மைதானத்தில் நின்று, மாலையும் சந்தனமுமாக முன்சக்கரம் சப்பையாகி நிற்கும் வண்டிகளைப் பார்த்தாள், "காத்து கம்மியா இருக்குதுங்க" என்று சொன்னாள், "இன்னைக்கு நல்ல நாளும் அதுவுமா" என்று பதில் வந்தது.

கார் ஸ்டாண்டுக்காரர்கள் தங்களுக்கும் ஒரு கட்டளை கேட்டது தை மாதம். பூச்சாட்டுக் கட்டளையில் அவர்களை ஒருநாளும் சேர்த்ததில்லை, இதிலாவது சேர்த்தால் என்ன என்றார்கள், கமிட்டிக்கு மறுக்க வழியில்லை. அவர்களுக்குப் புதன்கிழமை விழுந்தது. புதன் காலை வாங்கினால் வியாழன் காலை ஆறு மணிவரை விளக்கு அவர்களிடம் இருக்கும், வியாழன் அன்று வாங்கிக்கொள்கிறவர் சாமியப்பன், அவருடைய புது வண்டிக்கு முதல் கட்டளை. ஸ்டாண்டில் விளக்கு இறங்கக்கூடிய வண்டி குழந்தைவேலுவுடையது மட்டும்தான்.

அவன் வேண்டாம் என்று கெஞ்சினான். "டேய், எத்தனை வருசமாக் கெடைக்காத மரியாதை, உன்னொருத்தனால கெடோணுமா" என்றார்கள். "ஆறு, ஆறு பத்துக்கெல்லாம் குடுத்துப்போட்டு நீ கெளம்பிரு. ஆறே முக்காலுக்குக் கெளம்பினாலும் எட்டுக்குப் போயிரலாமில்ல?"

வியாழக்கிழமை ஆறு மணிக்கு இரண்டு வண்டிகளும் மூஞ்சிக்கு மூஞ்சி நின்றன. குழந்தைவேலு மூவரையும் வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டே வந்திருந்தான், பின்சீட்டில் நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் பங்கஜம், செருப்புக்குள் நுழையாத காலைச் செருப்பின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள், முகம் வீங்கி அதைத்திருந்தது. வண்டி தெரியாத அளவுக்கு ஸ்டாண்டுக்காரர்கள் மாலை போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் மேளம் வந்திருந்தது, அதுதான் வினையாயிற்று.

"குடுக்கறவங்களுக்குத்தானுங்க மொதல் துண்ணூறு" என்றார் ஸ்டாண்டுத் தலைவர்.

"வாங்கறவர்தான் இன்னைக்குக் கட்டளைதாரர்" என்றார் சாமியப்பனின் தம்பி.

"வெளக்கு இன்னும் எங்க வண்டியிலதான எரியுது?"

"அதையத்தான குடுக்கச் சொல்றோம்?"

"துண்ணூறு குடுத்தாக் குடுக்கறோம்."

"குடுத்தாத்தான் துண்ணூறு."

பூசாரி திருநீற்றுத் தட்டோடு நடுவில் நின்றார். யாராவது ஒருவர் பக்கம் ஒரு அடி வைத்தால் இன்னொருவர் பக்கத்து மேளம் நின்றது. ஆறு இருபது ஆனது, ஆறரை ஆனது. பழைய வண்டிக்காரர்கள் வந்து, எங்களுக்கு வழி சொல்லாமல் யாருக்கும் கொடுக்க விடமாட்டோம் என்று இரண்டு கார்களுக்கும் இடையில் உட்கார்ந்தார்கள். சாமியப்பன், தான் தலைவர் என்பதால் தன் விஷயத்தில் தானே தீர்ப்புச் சொல்வது முறையல்ல என்று சொல்லிவிட்டு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

குழந்தைவேலு பட்டுச்சேலை கட்டி நின்றிருந்த சாந்தாமணியிடம் வந்தான். "அக்கா, மணியாகுதுங்க்கா. போட்டோ அனுப்போணும். இன்னைக்கு உட்டா சனிக்கிழமைதானுங்க. அந்தாத்தாவுக்கு இப்பவே மூச்சு எளைக்குது."

"கேட்டியா அவிககிட்ட?"

"கேட்டனுங்க. ஒரு அஞ்சு நிமிசம்ங்கறாங்க."

"எத்தனையாவது அஞ்சு நிமிசம்?"

பின்ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பங்கஜம் கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டாள், மூச்சு பிடித்து, இரண்டு இரண்டு வார்த்தையாக. "ஏனப்பா சாமியப்பா, உங்க டயர்ல காத்து எத்தனைன்னு வெளக்குச் சொல்லுது. எங்கால்ல தண்ணி ஏறிக் கெடக்குது. அதுக்கு எந்தப் பொத்தானை அமுக்கோணும், சொல்லு, அமுக்கிக்கறேன்."

"ஒரு அஞ்சு நிமிசம் பொறுங்காத்தா, சாமி காரியம்" என்றார் சாமியப்பன், எழுந்து நின்று, மரியாதையாகவே.

சாந்தாமணி கமிட்டி கொடுத்த சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, இடையில் உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேரைத் தாண்டி, டிரைவர் கதவின் மாலையை விலக்கிக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். டயர் படம் போட்ட பொத்தானை அமுக்கினாள். யாரோ, "அம்மிணி, கற்பூரம்! கற்பூரம் இன்னும் காட்டலை" என்றார்கள். அவள் விரலை எடுக்கவில்லை. வண்டி ஒரு கூவு கூவியது. விளக்கு அணைந்தது, எதிரே சாமியப்பனின் புது வண்டியில், சாமந்தி மாலைக்குப் பின்னால், மஞ்சளாக எரிந்தது.

பூசாரி தட்டோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்காகவே காத்திருந்தாற்போல இரண்டு மேளமும் ஒன்றாக அடிக்கத் தொடங்கின. கற்பூரம் காட்டாமல் போன விளக்கு போனதாகுமா என்று ஸ்டாண்டுத் தலைவர் கேட்டார், வந்ததாகாது என்று சாமியப்பனின் தம்பி சொன்னார், இந்த ஒன்றில் இருவருக்கும் ஒத்துப்போனது இருவருக்குமே பிடிக்காமல் குரல் இன்னும் உயர்ந்தது. உட்கார்ந்திருந்த பழைய வண்டிக்காரர்கள் எழுந்து புது வண்டியைச் சுற்றிப் போய் உட்கார்ந்தார்கள். பட்டுச்சேலையைத் திரும்ப வாங்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார், அதற்கு முதலில் கூட்டம் போட வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார்.

சாந்தாமணி இறங்கி இடம் விட்டதும் குழந்தைவேலு டேஷ்போர்டைப் படம் எடுத்து அனுப்பினான். மணி ஆறு நாற்பத்தெட்டு. போக வழிவிடாமல் நின்ற கூட்டம் விளக்கோடு விளக்காக அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டதால் பின்னால் வழி இருந்தது. மாலைகளைக் கழற்றக்கூட நிற்காமல், கண்ணாடியில் தொங்கியதை மட்டும் அறுத்துப் போட்டுவிட்டு ஏறினான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கின. வண்டி பின்வாங்கி, வளைந்து, சாலையைப் பார்த்துத் திரும்பியது.

பின்கதவுக்கு வெளியே பங்கஜத்தின் சேலை முந்தி ஒரு முழம் தொங்கிக்கொண்டிருந்தது. சாந்தாமணி நடந்து போய், கண்ணாடியைத் தட்டி வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, முந்தியைச் சுருட்டி அவள் மடியில் வைத்து, கதவை அழுத்திச் சாத்தினாள்.